மாலமோ அண்ணியின் மூன்றாவது பட்டை

எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் குணம் தெரிய வேண்டுமென்றால் யாரும் அவளோடு பேசிப் பார்த்து நேரத்தை வீணாக்க மாட்டார்கள். அவள் நெய்த கம்பளத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். பேச்சில் யார் வேண்டுமானாலும் தேன் தடவிவிடலாம், தறியில் முடியாது. ஊடு நூலைப் போட்ட பிறகு பலகையை இழுத்து அடிக்கிறோமே, அந்த அடியில் எல்லாம் வெளியே வந்துவிடும். சோம்பேறி நெய்ததில் விரல் நுழையும். பயந்தாங்கொள்ளி நெய்தது ஓரத்தில் கோணிக்கொண்டு போகும். என் அண்ணி மாலமோ நெய்ததில் ஊசி நுழைவதே கஷ்டம்.

அண்ணியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. நான் அவள் நாத்தனார், பெயர் லாம்ப்ரோ. இருபத்திரண்டு வருஷம் ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே கோழிக்கூண்டு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டவர்களெல்லாம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் ஆற்றுக்கு அக்கரை ஊர்க்காரி. கல்யாணத்தன்று அவளுடைய தறியைக் கழற்றி இரண்டு கோவேறு கழுதைகள் மேல் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஆற்றைக் கடக்கும்போது கழுதைக்காரன் தறியின் உருளைக் கட்டையைத் தண்ணீரில் நழுவ விட்டுவிட்டான். மணப்பெண் முக்காட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, குதிரையிலிருந்து குதித்து, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அவனைத் திட்டிய திட்டு, இக்கரையில் மாதா கோயில் வாசலில் நின்றிருந்த எங்களுக்குக் கேட்டது. என் அண்ணன் ஸ்டேரியோஸ் சாது. அவன் எங்கள் அம்மாவிடம் திரும்பி, "யாரும்மா அந்தப் பொண்ணு?" என்று கேட்டான்.

"உன் பொண்டாட்டிதான். போய்க் கட்டையைப் பிடி" என்றாள் அம்மா.

அண்ணன் கல்யாணச் சட்டையோடு ஆற்றில் இறங்கினான். அன்றிலிருந்து அவள் சொன்ன பேச்சைத் தட்டியதில்லை.

கோபக்காரி என்றாலும் அவள் கைக்கு மதிப்பு இருந்தது. ஆட்டு ரோமத்தில் இடையர்கள் போட்டுக்கொள்ளும் மழைக்கோட்டுத் துணியை அவளைப் போல் அடித்து நெய்ய மலை முழுக்க ஆள் இல்லை. மூன்று பள்ளத்தாக்கு தாண்டி வந்து வாங்கிப் போவார்கள். மாலமோ கோட்டைப் போட்டவன் மழையில் நனைய மாட்டான், ஆனால் உட்காரவும் மாட்டான் என்று காப்பிக்கடையில் சிரிப்பார்கள். கோட்டுக்கும் சாக்குக்கும் அந்தக் கை சரி. கட்டிலில் போடுகிற விரிப்புக்கு ஆகாது. அவள் தன் கல்யாணத்துக்கு நெய்துகொண்டு வந்த விரிப்பைப் போர்த்திக்கொண்டு தூங்கினால் யாரோ மேலே ஏறி உட்கார்ந்திருப்பது போல் இருக்கிறது என்று அண்ணனே ஒருமுறை என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டான்.

அவர்களுக்கு ஒரே மகள், அரெத்தி. அவளுக்கு அப்பன் கை. பலகை வந்து நூலைத் தொடும், அவ்வளவுதான். அவள் நெய்ததைக் கையில் எடுத்தால் அப்போதுதான் வடித்த பாலாடைக்கட்டி மாதிரி மெத்தென்று இருக்கும். அறுபத்தொன்றாம் வருஷம் மேல் தெரு தெமிஸோடு அவளுக்கு மோதிரம் மாற்றினோம். நல்ல பையன். தகப்பன் இல்லை. ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. அக்டோபர் பத்தாம் தேதி ரயில். அதற்கு முன் கல்யாணம் முடிந்தாக வேண்டும். செப்டம்பர் கடைசி ஞாயிறு என்று பாதிரியார் எழுதிவிட்டார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, பெண் நெய்த விரிப்பை மணமக்கள் கட்டிலில் விரிக்கிற சடங்கு.

பையன் நல்லவன்தான். அவன் அம்மா எவாந்தியாதான் சங்கடம். மெலிந்த உடம்பு, மெலிந்த உதடு, பேசினால் மெலிந்த பேச்சு. ஆகஸ்டு மாதாத் திருவிழாவில், கோயில் முற்றத்தில், ஊரே கேட்கும்படி சொன்னாள்: "பொண்ணைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா படுக்கை விரிக்கிற அன்னிக்கு நானே வந்து விரிப்பைத் தொட்டுப் பாப்பேன். அதுல அம்மா கை தெரிஞ்சுதுன்னா மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துடுவேன். ஒத்தப் பிள்ளை. புயலைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ள விட முடியுமா?"

இது எங்கள் வீட்டுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? வறுத்த இறைச்சி ஆறுவதற்குள் வந்துவிட்டது. அண்ணி கையில் கரண்டி இருந்தது. கரண்டி எங்கே போய் விழுந்தது என்று மூன்று நாள் தேடினோம்.

"வரட்டும், தொட்டுப் பாக்கட்டும். என் பொண்ணு கையில குத்தம் கண்டுபிடிக்க அவளுக்கு இன்னொரு ஜென்மம் வேணும்" என்றாள் அண்ணி.

உண்மைதான், அரெத்தி நெய்யும்வரை கவலை இல்லை. எங்கள் தறிகள் குறுகல். கட்டில் விரிப்பு என்றால் மூன்று பட்டையாக நெய்து பக்கத்தில் பக்கம் வைத்துத் தைக்க வேண்டும். சிவப்பு, கறுப்பு, பச்சை என்று கோடுகள். நடுவே வரிசை வரிசையாக வைரக் கட்டங்கள். தைக்கும்போது ஒரு பட்டையின் கோடு அடுத்ததன் கோட்டில் போய்ச் சேர வேண்டும். ஒரே கை, ஒரே அடியாக இருந்தால்தான் சேரும். ஒரு பட்டையைக் கெட்டியாக அடித்துவிட்டால் அது நீளத்தில் குறையும், கட்டங்கள் ஒன்றை ஒன்று பார்க்காமல் முறைத்துக்கொண்டு நிற்கும்.

இரண்டு பட்டை முடிந்துவிட்டது. மூன்றாவதற்குப் பாவு, அதுதான் நீள நூல், தறியில் ஏறிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் அரெத்தி பேரிக்காய் பறிக்க மரத்தில் ஏறி, கிளையோடு கீழே வந்தாள். வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது.

எலும்பு கட்டுகிறவன் வந்து முட்டை வெள்ளைக்கருவையும் சோப்பையும் குழைத்துக் கட்டுப் போட்டான். "நாப்பது நாள் இந்தக் கையில ஸ்பூன்கூடத் தூக்கக் கூடாது" என்றான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை படுக்கை விரிக்கும் நாள். நடுவில் பத்தே நாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வேறு யாரிடமாவது கொடுத்து நெய்யலாமே என்று நினைப்பீர்கள். கொடுத்தால் அன்று சாயங்காலமே மேல் தெருவுக்குச் செய்தி போய்விடும். நான் நெய்யலாமா? நான் ஆட்டுக்காரி. நான் நெய்தால் அதில் மீன் பிடிக்கலாம். மிச்சம் ஒரே ஆள்தான். கை உடைந்ததை மறைக்க முடியாது; ஆனால் விரிப்பு முடிந்த பிறகுதான் மரத்திலிருந்து விழுந்தாள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அண்ணி தறியில் உட்கார்ந்தாள். ஒரு நூலில் முடிச்சுப் போட்டு, அரெத்தியின் பட்டையில் ஒரு கட்ட வரிசைக்கு எவ்வளவு நீளம் என்று அளவு வைத்துக்கொண்டோம். முதல் நாள் இரண்டு வரிசை நெய்தாள். நூலை வைத்துப் பார்த்தால் இரண்டு விரற்கடை குறைகிறது. பிரித்தாள். மறுநாள் மறுபடி நெய்தாள். ஒன்றரை விரற்கடை. பிரித்தாள். பிரிக்கும்போது தறியைத் திட்டினாள், ஆடுகளைத் திட்டினாள், பேரி மரத்தை நட்ட எங்கள் தாத்தாவைத் திட்டினாள்.

"மாலமோ, கொஞ்சம் மெதுவா..." என்று அண்ணன் ஆரம்பித்தான்.

"நீ வாயைத் திறந்தீன்னா இதுல உன்னையும் வச்சு நெய்ஞ்சுடுவேன்!"

அரெத்தி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அம்மா, நீ பலகையை இழுக்காத. அதுவா வரும். நீ சும்மா பிடிச்சுக்கிட்டுக் கூட வந்தாப் போதும்."

"அதுவா வருமா? இந்த வீட்டுல எது அதுவா வந்திருக்கு? தண்ணி வருதா, விறகு வருதா?" என்றாள் அண்ணி. நியாயமான கேள்விதான்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு அதிசயம் நடந்தது. நாங்கள் ஆடு கறக்கப் போயிருந்தபோது அவள் தனியாக ஒரு சாண் நெய்திருந்தாள். அளவு நூலை வைத்தால் மயிரிழை தவறவில்லை. அண்ணி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அந்த நேரம் பார்த்து நான், "பரவாயில்லையே அண்ணி, உனக்குக்கூட மனுஷக் கை இருக்கே" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அடுத்த வரிசை ஒரு விரற்கடை குறைந்தது. அதையும் பிரித்தாள்.

அண்ணன் என்னை ஆட்டுக் கொட்டகைக்குக் கூப்பிட்டான். அரெத்தியும் வந்தாள். அண்ணன் வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கட்டளை போட்டான்: "அவளுக்குக் கோபம் வராட்டி கை மெத்துனு விழுது. வெள்ளிக்கிழமை வரைக்கும் இந்த வீட்டுல அவளுக்குக் கோபம் வரக் கூடாது." சொல்லிவிட்டு இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கறீங்க?"

"சும்மாதான்" என்றான் அண்ணன்.

அப்புறம்தான் அரெத்தி இன்னொன்றைச் சொன்னாள். தெமிஸ் அவளுக்கும் சீட்டு வாங்கிவிட்டானாம். கல்யாணம் முடிந்து பத்தாம் தேதி ரயிலில் அவளும் போகிறாளாம். ஜெர்மனிக்குப் போக வேண்டிய மருத்துவச் சோதனை, காகிதம் எல்லாம் சரியாகிவிட்டதாம். அதுவரை நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது வேறு: பையன் போவான், பணம் அனுப்புவான், பெண் மேல் தெருவில் மாமியார் வீட்டில் இருப்பாள், கூப்பிடு தூரம். நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

"அம்மாகிட்ட கல்யாணத்துக்கு அப்புறம் நானே சொல்லிக்கிறேன், அத்தை. இப்பச் சொன்னா தறியே உடைஞ்சுடும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தலையாட்டினேன். என் வாயை நம்பி ஒரு ரகசியம் கொடுத்தார்களே, அவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த வாரம் நாங்கள் பட்ட பாடு! வெள்ளாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு அவரைப் பந்தலில் புகுந்து பாதியைத் தின்றுவிட்டது. அண்ணி சாப்பிட வருவதற்குள் நானும் அண்ணனும் வேலியிலிருந்து கொடிகளைப் பிய்த்துக்கொண்டு வந்து பந்தலில் சுற்றி வைத்தோம். அண்ணன் திராட்சை மது ஜாடியைக் கை தவறிப் போட்டான். அது உடைந்த சத்தத்தை மறைக்க நான் உடனே தும்மினேன். மூன்று தும்மல். பாதிரியார் பெண்டாட்டி (எங்கள் பக்கம் பாதிரியார்களுக்குக் கல்யாணம் உண்டு) வம்பு மூட்டையை அவிழ்க்க வந்தபோது வாசலிலேயே மறித்து, "ஆட்டுக்கெல்லாம் சொறி, உள்ளே வராதீங்க, ஒட்டிக்கும்" என்றேன். அவள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே.

எல்லாவற்றையும்விடப் பெரிய தண்டனை எனக்குத்தான். அண்ணி கீரை அடையில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்; நான் வாய் திறக்காமல் தின்றேன். என் கோழி முட்டையை எடுத்து அவள் கோழி முட்டை என்றாள், ஆமாம் என்றேன். நாக்கு உள்ளே கிடந்து துடித்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கமில்லையா? ஆறாம் நாள் அவளே ஊடு நூல் ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"லாம்ப்ரோ, உனக்கு உடம்புக்கு ஏதாவது செய்யுதா?"

"ஒண்ணும் இல்லியே அண்ணி."

"இல்ல, நாலு நாளா ஒரு குத்தல் பேச்சுகூட இல்ல. எனக்குப் பயமா இருக்குடி." எழுந்து போய் மலைத் தேயிலை கொதிக்கவைத்து, தேன் விட்டு, என் கையில் கொடுத்தாள். நெற்றியைத் தொட்டும் பார்த்தாள். எனக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது.

ஆனால் பட்டை வளர்ந்தது. அண்ணியின் கை உண்மையாகவே இறங்கிவிட்டது. தொப்பு, தொப்பு என்று சின்னச் சத்தம்தான் வந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் அளவு நூலை வைத்துப் பார்த்துவிட்டு அரெத்தி அம்மாவின் கன்னத்தில் முத்தம் கொடுப்பாள். வியாழக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு சாண் பாக்கி. அண்ணனும் அரெத்தியும் கோயிலுக்கு மெழுகுவத்தி கொண்டு போயிருந்தார்கள். நான் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரை உரித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி சந்தோஷமாகப் பேசிக்கொண்டே நெய்தாள். அவள் சந்தோஷமாகப் பேசியதே அபூர்வம். "எவாந்தியா வீட்டுத் தறியைப் பாத்திருக்கியா? மிதிபலகை ரெண்டும் ஆடுது. அதுல எவ நெய்வா? இந்தக் குளிர்காலத்துக்கு அரெத்தியை இங்கயே வரச் சொல்லப் போறேன். காலையில வருவா, கை சரியாயிருக்கும், ரெண்டு பேரும் சேந்து புதுசா ஒரு பாவு ஏத்துவோம். எனக்கு இந்த மெத்துனு அடிக்கிறது பிடிச்சுப்போச்சு லாம்ப்ரோ. அவ பக்கத்துல உக்காந்திருந்தா எனக்குக் கோபமே வர மாட்டேங்குது."

எனக்குத் தாங்கவில்லை. கிண்டலுக்கு இல்லை, சத்தியமாக இல்லை. பாவமாக இருந்தது. அவள் பாட்டுக்குக் குளிர்காலம் முழுக்க அடுக்கிக்கொண்டே போகிறாளே என்று வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எந்தக் குளிர்காலம் அண்ணி? அவ ஜெர்மனிக்கில்ல போறா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடித்து என்ன பிரயோஜனம்?

அண்ணி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள். நான் சொன்னேன். "எப்போ?" பத்தாம் தேதி என்றேன். அவள் தறிப்பக்கம் திரும்பினாள். நாடாவை வீசினாள். பலகையை இழுத்தாள். டம். மறுபடி வீசினாள். டம். சுவரில் மாட்டியிருந்த மாதா படம் ஆடியது. "அண்ணி, வேண்டாம், நிறுத்து, நாளைக்கு நெய்ஞ்சுக்கலாம்" என்று கெஞ்சினேன். டம், டம், டம். கடைசிக் கட்ட வரிசை முடிந்ததும், பிரித்துவிடலாம் என்று நான் எழுந்து ஓடுவதற்குள், கத்தரிக்கோலை எடுத்துப் பாவைக் கத்தரித்துவிட்டாள். தறியிலிருந்து அறுத்த துணியை மறுபடி தறியில் ஏற்ற முடியாது. எல்லாம் முடிந்தது.

மூன்று விரற்கடை குறைந்திருந்தது. மேலே எல்லாம் அழகாகச் சேர்ந்தது. கால் மாட்டில் கடைசி இரண்டு வரிசைக் கட்டங்களும் பக்கத்துப் பட்டையோடு சேரவில்லை.

அரெத்தி திரும்பி வந்து அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். அம்மாவிடம் போய் நின்றாள். "அம்மா..." என்றாள். அண்ணி, "கல்யாணம் முடியட்டும், பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். கல்யாணம் நடக்குமா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. கெடுத்தது நான்.

வெள்ளிக்கிழமை காலையில் நானும் அண்ணியும் எதிரெதிராக உட்கார்ந்து பட்டைகளைத் தைத்தோம். கால் மாட்டில் நீண்டுகொண்டிருந்த இரண்டு பட்டைகளின் நுனியையும் உள்பக்கம் மடித்துத் தைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் தூரத்திலிருந்தா பார்க்கப் போகிறாள் அந்த மகராசி?

மத்தியானம் வந்தார்கள். எவாந்தியா, அவள் பக்கத்துப் பெண்கள் மூன்று பேர், தட்டில் அரிசி, சர்க்கரை பூசிய பாதாம். கட்டிலை விரிக்க அப்பா அம்மா இரண்டு பேரும் உயிரோடு இருக்கிற பெண்பிள்ளைகள் நாலு பேர் தயாராக நின்றார்கள். முதல் பிள்ளை ஆணாகப் பிறக்க வேண்டுமென்று படுக்கையில் உருட்ட ஒரு ஆண் குழந்தையையும் பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்கி வந்திருந்தோம். நான் எல்லாருக்கும் செர்ரிப் பாகும் தண்ணீரும் கொடுத்தேன். எவாந்தியா பாகைத் தின்றுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

"கட்டில்ல போடறதுக்கு முன்னாடி நான் ஒருதரம் பாத்துடறேன், சம்பந்தி" என்றாள்.

விரிப்பைப் பெட்டி மேல் போட்டோம். தலைமாட்டிலிருந்து ஆரம்பித்தாள். தையலின் மேல் விரலை வைத்து, கோடு கோடாகத் தடவிக்கொண்டே வந்தாள். முதல் வரிசை. இரண்டாவது வரிசை. "நல்ல கை" என்றாள். பாதியைத் தாண்டினாள். அரெத்தி கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள். கால் மாட்டுக்கு வந்ததும் எவாந்தியாவின் விரல் நின்றுவிட்டது. அந்த இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பார்த்தாள். மடிப்பைப் புரட்டினாள்.

"இதை யாரு நெய்ஞ்சா?"

என்னிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. பாவு தீர்ந்துபோச்சு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணி முந்திக்கொண்டாள்.

"நான்தான். பொண்ணு கை ஒடிஞ்சுபோச்சு, மூணாவது பட்டை முழுக்க நான் நெய்ஞ்சது. இதோ, இங்கேருந்து இங்க வரைக்கும் மெத்துனு இருக்கே, அது உங்க பையன் போவான், என் பொண்ணு இங்கயே இருப்பான்னு நினைச்சுக்கிட்டு நெய்ஞ்சது. இந்த ஒரு சாண், அவளையும் கூட்டிக்கிட்டுப் போறான்னு தெரிஞ்சப்புறம் நெய்ஞ்சது. என் கைதான் இது. அவ கை இல்ல. மோதிரத்தைத் திருப்பித் தரதுன்னா எங்கிட்ட கொடுங்க, அவகிட்ட கொடுக்காதீங்க. அவ மேல ஒரு குத்தமும் கிடையாது."



எவாந்தியா கண்ணாடியைக் கழற்றினாள். பெட்டியின் ஓரத்தில், விரிப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். விரல் இன்னும் அந்த ஒரு சாணின் மேலேயே இருந்தது.

"என் தறியில ஒரு கம்பளம் கிடக்கு" என்றாள். அந்த மெலிந்த குரல் இன்னும் மெலிந்திருந்தது. "அவன் கொண்டு போறதுக்குன்னு ஆரம்பிச்சேன். சீட்டு வந்த அன்னிலேருந்து அடிக்கிறேன். நான் மெத்துனு அடிக்கிறவ, ஊருக்கே தெரியும். இப்ப அதை விரலால அழுத்தினா அமுங்க மாட்டேங்குது. என் கொழுந்தன் வந்து பாத்துட்டு, என்ன அண்ணி, களத்துக்கு விரிக்கவான்னு கேட்டான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் இன்னிக்கு நல்ல எண்ணத்தோட வரல, மாலமோ. ஏதாவது ஒரு குத்தம் கிடைக்காதான்னுதான் வந்தேன். கல்யாணம் நின்னுபோச்சுன்னா, மனசு விட்டுப்போய் இங்கயே இருந்துடுவானோன்னு."

"இருக்க மாட்டான்" என்றாள் அண்ணி.

"தெரியும்."

"தனியாப் போயிருப்பான். ராவானா சுடுசோறு போட ஆள் இல்லாம."

"அதுவும் தெரியும்."

அண்ணி அவள் பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்தாள். அந்தப் பெட்டி இரண்டு பேரைத் தாங்குமா என்றுகூட நான் யோசித்தேன், அந்த நேரத்தில் யோசனை போகிற போக்கு அப்படி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இருவரும் அந்தக் கால் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனசு பொறுக்காமல், "அப்போ... மோதிரம்?" என்று கேட்டுவிட்டேன்.

"உன் நாத்தனார் எப்பவும் இப்படித்தானா?" என்று எவாந்தியா அண்ணியிடம் கேட்டாள்.

"இந்த வாரம்தான் கொஞ்சம் அடக்கமா இருந்தா" என்றாள் அண்ணி.

எவாந்தியா எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விதவைக் கை கட்டிலில் படக் கூடாது என்பதால் தள்ளி நின்று, விரிக்கக் காத்திருந்த பெண்பிள்ளைகளைப் பார்த்து அதட்டினாள்: "ஏண்டி, மரம் மாதிரி நிக்கறீங்க? எடுங்க, விரிங்க! திருப்பிப் போட்டுடாதீங்க. கெட்டியா இருக்கிற பக்கம் கால் பக்கம் வரணும். அங்க ஜெர்மனியில ஜன்னல் வரைக்கும் பனி ஏறுமாம். புள்ளைங்களுக்குக் கால்ல காத்து படாது."

வயிற்றில் பாலை வார்த்தாள் அந்த மகராசி. அரெத்தி சுவரோரமாகவே சரிந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள். வாசலில் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த என் அண்ணன் தொப்பியைக் கழற்றி முகத்தில் வைத்துக்கொண்டான். நான் து, து, து என்று மூன்று முறை துப்பி, அரிசியை வாரி எல்லார் தலையிலும் வீசினேன், கட்டில் மேல் வீச வேண்டியதை. யாரும் என்னைத் திட்டவில்லை.

பெண்பிள்ளைகள் விரிப்பைப் பிடித்து உதறிக் கட்டில் மேல் போட்டார்கள். அண்ணி மகளைத் தூக்கி நிறுத்தி, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, பைத்தியமே" என்றாள். "சொல்லியிருந்தா மூணு பட்டையையும் கெட்டியா அடிச்சுக் கொடுத்திருப்பேன்."